அப்பா என்ன சொல்றாரு?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. நல்ல நாளும் அதுவுமாக ஏதாவது உருப்படியாக ஆரம்பிக்கலாம் என்று இந்த டைரியை எடுத்தேன். அப்பாவுக்கு யூனியனில் கொடுத்தது. முதல் பக்கத்தில் 'தங்கப்பாண்டி, நடத்துநர்' என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாம் வெறும் பக்கம். பிப்ரவரியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. டைரி சும்மாதானே கிடக்கிறது, நான் எழுதிக்கொள்கிறேன்.

பேச்சு போய்விட்டது என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது. 'மணிக்கூண்டு.' திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் அவர் கத்திய ஸ்டாப்பிங். பசித்தால் மணிக்கூண்டு, ஃபேனைப் போடச் சொன்னால் மணிக்கூண்டு, டிவியை நிறுத்தச் சொன்னாலும் அதேதான். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வெளியே வரும்போது இந்த ஒரு வார்த்தையாகத்தான் வருகிறது என்று டாக்டர் சொன்னார். தலையாட்டுவதையும் நம்ப முடியாதாம். இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆமாம் என்று ஆட்டிவிடுவாராம். இடது கையில் பேனா கொடுத்துப் பார்த்தோம். கோடுதான் விழுந்தது.

எனக்கு மட்டும் புரிகிறது. எப்படி என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. சின்ன வயதில் அவர் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவேன். மணிக்கூண்டில் இறங்க வேண்டும். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைப்பார், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கூட்டத்துக்கு ஒரு மணிக்கூண்டு கத்துவார். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, எனக்கு மட்டும் மெதுவாக ஒரு மணிக்கூண்டு சொல்லி எழுப்புவார். ஒரே வார்த்தைதான். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தூக்கத்திலேயே தெரியும். இப்போது அப்படி நிறையத் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அவர் வாயைத் திறந்ததும் என் பக்கம் திரும்பிவிடுவாள்.

"சங்கவி, அப்பா என்ன சொல்றாரு?"

ஏப்ரல் 17, வியாழன்

ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொன்னாலும் சொன்னார்கள், அம்மா சாம்பாரில் உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிட்டாள். இன்று அப்பா ஒரு வாய் வாங்கிவிட்டு இடது கையால் தட்டைத் தள்ளினார். "மணிக்கூண்டு!" இதன் அர்த்தத்தை நான் எழுத மாட்டேன். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் பையன்களைத் திட்டும் வகை.

அம்மா கரண்டியோடு நின்றாள். நைட்டி முழுக்க மஞ்சள் கறை. காலையிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"என்ன சொல்றாரு?"

"சாம்பார் நல்லாருக்குங்குறாரும்மா. பசியில்லையாம்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வாய்தான் சிரிக்கும். அது போதும் எனக்கு.

ஏப்ரல் 18, வெள்ளி

மறுபடியும் அதே சாம்பார். "நல்லாருக்குன்னாருல்ல" என்கிறாள் அம்மா. என் வாய்க்கு எனக்குக் கிடைத்த தண்டனை. அப்பாவுக்கும் சேர்த்துக் கிடைத்ததுதான் பாவம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கதிரேசன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, இடம் வாங்கி விற்கும் புரோக்கர். எங்கள் வீட்டுக்கு இப்போது ஆம்பளை ஆள் என்றால் அவர்தான் என்று அம்மாவும் நினைக்கிறாள், அவரும் நினைக்கிறார். வந்ததும் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

கட்டிலிலிருந்து அப்பா, "மணிக்கூண்டு" என்றார். எழுந்திரிடா என்று அர்த்தம்.

"மச்சான் என்னம்மா சொல்றாரு?"

"வாங்க, சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு மாமா."

"பாத்தியாக்கா, இந்த நெலமையிலயும் மச்சான் சாப்பாட்டத்தேன் கேக்குறாரு! பாசக்கார மனுசன்." மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

பிப்ரவரியில் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடி ஆட்டோவில் ஏற்றியது இந்த மாமாதான். அதை மறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது! பி.எஸ்ஸி.யில் என்னோடு படித்த ஜெனிபருக்கும் கிடைத்திருக்கிறது. ஜூன் பதினெட்டாம் தேதிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஜனவரியில் அப்பா லீவு போட்டு அந்தக் கல்லூரியைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் அந்த பஸ் கண்டக்டரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். விசில் அடிக்கத் தெரியவில்லை, நின்ற இடத்திலிருந்தே டிக்கெட் கொடுக்கிறான், ஸ்டாப்பிங்கைக் கத்தாமல் முணுமுணுக்கிறான். கல்லூரிக்குள் போனதும் சத்தமே இல்லை. கணிதத் துறையின் வராந்தாவில் செருப்பைக் கழற்றப் போனார். "அப்பா, இது கோயில் இல்லப்பா" என்றேன். "தெரியும்டா, இருக்கட்டும்" என்றார்.

இன்று அவர் கட்டில் பக்கம் உட்கார்ந்து செய்தியைச் சொன்னேன். "மணிக்கூண்டு" என்றார். இதுவரை கேட்காத ஒன்று. இடது கை என் தலையில் வந்து விழுந்தது, கொஞ்சம் பலமாகவே விழுந்தது. வலித்தது. எடுக்க வேண்டாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "சரி சரி, குழாய்ல தண்ணி வந்திருச்சா பாரு" என்றாள்.

மே 5, திங்கள்

தண்ணீர் வரவில்லை. லாரி வந்தது. எட்டுக் குடம் நான், மிச்சம் அம்மா.

மத்தியானம் அம்மா அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஏன்டி, என்னையப் பத்தி எதுனாச்சும் சொல்லுவாரா?" என்று கேட்டாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் கேட்டாள். கல்யாணமாகி வந்த பெண் போல முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

என்ன சொல்வேன்? அவர் கேட்பது தண்ணீர், துண்டு, ஜன்னல். நேற்று ராத்திரி அவர் கூப்பிட்டது ஃபேனைக் குறைக்கச் சொல்லி.

"நேத்து சொன்னாரும்மா. உங்கம்மாவ கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லு, ஒத்தையா கெடந்து அல்லாடுறாள்னு."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

நல்லதுதானே செய்தேன்.

மே 11, ஞாயிறு

மாமா ஒரு ஜாதகத்தோடு வந்தார். மாப்பிள்ளை பெயர் மதிவாணன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி. என் ஜாதகத்தை அம்மா எப்போதோ கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு இன்றுதான் தெரியும்.

"மச்சான் கண்ணால பாக்கும்போதே முடிச்சிரணும்க்கா. தட்டு மாத்துறதுக்குப் பெத்தவன் உக்காரணும்ல. நாள தள்ளிப்போட்டு, இன்னொரு தடவ எதுனாச்சும் ஆயிருச்சுன்னா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் கோயம்புத்தூர் என்றேன்.

"நீ அங்கிட்டுப் போயிட்டா அப்பாவ யாரு பாக்குறது?" என்றாள் அம்மா. "அவரு சொல்றது உன்னய விட்டா யாருக்குத் தெரியும்?"

"கல்யாணம் பண்ணிட்டு ஒட்டன்சத்திரம் போனா மட்டும்?"

"அது வேற" என்றாள் அம்மா.

அது எப்படி வேற என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் கணக்குப் படித்தவள். எவ்வளவு போட்டுப் பார்த்தாலும் எனக்கு அந்த விடை வரவில்லை.

மே 18, ஞாயிறு

வந்தார்கள், பார்த்தார்கள். கேசரியில் முந்திரி போதவில்லை என்று அம்மாவுக்குக் கவலை.

கெட்டவர்களாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினார். "மேத்ஸா? எனக்கு அது மட்டும் வரவே வராதுங்க" என்று சிரித்தார். தபால் வழியில் படித்துக்கொள்ளலாம், தடையே இல்லை என்றார். அவருடைய அம்மா வந்ததும் வராததுமாக நேரே அப்பாவிடம் போய், வராத அந்த வலது கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் சொந்தக்காரர்களில் யாரும் அந்தக் கையைத் தொட்டதில்லை.

அவர்கள் போனதும் அப்பா ஆரம்பித்தார். மணிக்கூண்டு. மணிக்கூண்டு. மணிக்கூண்டு. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. எனக்கு ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

"வேணாங்குறாரும்மா" என்றேன். "அவ படிக்கட்டும், கோயம்புத்தூருக்கு அனுப்பிவைங்கன்னு சொல்றாரு."

மாமா சிரித்தார். "ஒத்த வார்த்தையில இம்புட்டும் சொல்லிட்டாரா மச்சான்?"

"சாப்டீங்களான்னு கேட்டாருன்னு சொன்னப்ப நம்புனீங்கல்ல மாமா?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றார். "மச்சான், இந்தக் கல்யாணம் உங்களுக்கு வேணாம்னா இல்லைன்னு தலைய ஆட்டுங்க. அவ்வளவுதேன்."

நான் "வேண்டாம் மாமா" என்று கத்துவதற்குள் அப்பா தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக. ஆமாம், ஆமாம் என்று. மாமாவைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பலமாக. ஆட்டிக்கொண்டிருக்கும்போதே தப்பாக ஆட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தார். தலை நிற்கவில்லை. இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா" என்றார் மாமா.

"தலையாட்டுறத நம்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க மாமா."

"அவரு தலையாட்டுறதயும் நம்பக் கூடாது, உன் வாய மட்டும் நம்பணும். அதும் உன் விசயத்துக்கு. நல்லாருக்கும்மா நாயம்."

மாமா போன பிறகு அம்மாவிடம் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அன்னிக்குச் சாம்பார் நல்லாருக்குன்னு சொன்னாருன்னியே. அவரு தட்டத் தள்ளிவிட்டத நான் பாத்துக்கிட்டுத்தான்டி நின்னேன்."

"அது... உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னதும்மா."

அம்மாவின் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப என்னைய ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருன்னியே. அதும் நீயாக் கட்டுனதா?"

நான் கட்டியதுதான் என்று சொன்னால், கட்டுவது எனக்குக் கைவந்த வேலை என்றாகிவிடும். இன்று சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நான் பயந்தது அதற்காக இல்லை. அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரவிக்கையின் தையல் விட்டிருந்தது.

"இல்லம்மா. அது நெசம்" என்றேன்.

மே 19, திங்கள்

துணி துவைத்தேன். துவைக்க வேண்டியதில்லாத துணியையும் துவைத்தேன்.

மே 23, வெள்ளி

அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடத்திடம் இன்று தனியாகப் பேசினேன். அப்பா சொல்வது எனக்குப் புரிகிறது என்று நீங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேடம், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று கெஞ்சினேன்.

நல்லவர். பொய் சொல்லத் தெரியாதவர். "நீ ரொம்பப் பாசமா கவனிக்கிற, அதனால நெறைய யூகிக்க முடியுது. ஆனா அவர் இதத்தான் சொன்னார்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. பல நேரம் நாம என்ன கேக்கணும்னு ஆசப்படுறோமோ அதுதான் நம்ம காதுல விழும்."

அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில்தான் இருந்தார். கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாளும் நான் கேட்டது அப்பாவையா, என்னையா? ஆட்டோ மணிக்கூண்டைச் சுற்றித்தான் வந்தது. அப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மே 27, செவ்வாய்

எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, அவர் குரலை மட்டும் கேட்டு, என்ன வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பார்ப்பது. துண்டு, சரி. ஜன்னலைச் சாத்து, சரி. ரேடியோ, சரி. கடைசியாகத் தண்ணீர் என்று நினைத்துச் சொம்போடு போனேன். அவருக்கு ஒன்றுமே வேண்டாமாம். சும்மா நான் எங்கே இருக்கிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார்.

அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டேன். பதினெட்டாம் தேதி அவர் வேண்டாம் என்றது இந்தச் சரிகளோடு சேர்ந்ததா, இந்த ஒரு தப்போடு சேர்ந்ததா என்று யாராவது சொன்னால் தேவலை.

ஜூன் 2, திங்கள்

எட்டாம் தேதி ஞாயிறு நிச்சயம். என்னிடம் யாரும் சம்மதமா என்று கேட்கவில்லை, கேட்காமல் விட்டார்கள் என்று சண்டை போடவும் முடியவில்லை. ஏனென்றால் அம்மா என்னிடம் பேசுகிறாள், சிரிக்கிறாள், பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாகத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தாள். புடவைக் கடையில் ஒவ்வொன்றாக என் தோளில் போட்டுப் பார்த்து, "அப்பாவுக்கு இந்த அரக்குதான் பிடிக்கும்" என்றாள். அது மட்டும் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

ஜெனிபர் போன் செய்தாள். ஹாஸ்டலில் இரண்டு பேரும் ஒரே அறைக்கு எழுதிக் கொடுக்கவா என்றாள்.

"எழுதிக் குடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

ஜூன் 5, வியாழன்

ராத்திரிச் சாப்பாடு ஊட்டும்போது அப்பாவிடம் கேட்டேன். "நான் என்னப்பா செய்யட்டும்?" அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். அன்றைக்குத் தலையாட்டியதிலிருந்து அப்படித்தான். பேசுவதற்கே பயப்படுகிறார். ஒரே வார்த்தைதான் இருக்கிறது, அதைச் சொல்லவும் யோசிக்கிறார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல்கூட. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தத் தலையைச் சரியாக ஆட்டியிருக்கக் கூடாதா?

இட்லி ஆறிப்போனது. சட்னி தொட்டு ஊட்டினேன், சாப்பிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

தெருவில் ஷாமியானா. வாடகை நாற்காலிகளில் பாதிக்குக் கால் ஆடியது. அப்பாவுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான்தான் பட்டன் போட்டுவிட்டேன். அவரைத் தூக்கி வந்து நடுவீட்டில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே மாப்பிள்ளையின் அப்பா. நான் அப்பாவின் காலடியில், மணையில். அரக்குப் புடவை கனமாக இருந்தது.

தட்டை வலது கையால்தான் கொடுக்க வேண்டும். அப்பாவின் வலது கை எழும்பாது. மாமா முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். அப்பாவின் கையைத் தட்டுக்கு அடியில் வைத்து, அதற்கு அடியில் தன் கையைக் கொடுத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். பார்த்தால் அப்பாவே தட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ, மேலே மடித்த துணி. அந்தப் பக்கத்துத் தட்டும் தயாராக இருந்தது.

"மாத்திக்கங்க" என்றார் அய்யர். மாமா கையை நீட்டினார், அப்பாவின் கையும் சேர்ந்து போனது. அப்போது அப்பா இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மாமா இழுத்தார். அப்பா விடவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு மாப்பிள்ளையின் அம்மா காலடிக்குப் போனது.

"மணிக்கூண்டு!" என்று கத்தினார் அப்பா. பஸ் நிறைய ஆள் இருக்கும்போது கத்துகிற கத்தல். அடுப்படியிலிருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? விஷயம் தெரியாதவளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பிறகு அப்பா குனிந்தார். நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவார் என்று பயந்து யாரோ தோளைப் பிடித்தார்கள். அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மணிக்கூண்டு."

டிரைவருக்குப் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்புகிற குரல். எழுந்திருடா, உன் இடம் வந்துவிட்டது, இறங்கு என்கிற குரல். இதில் யூகம் எதுவும் இல்லை. எந்த மேடம் வந்து சொன்னாலும் இல்லை.

"சம்பந்தி என்னம்மா சொல்றாரு?" என்று மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னால், பெண்ணே கிளப்பிவிடுகிறாள் என்பார்கள். மாமா மறுபடியும் அப்பாவைத் தலையாட்டச் சொல்வார், இத்தனை பேருக்கு முன்னால். அப்பா மறுபடியும் ஆமாம் ஆமாம் என்று ஆட்டிவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்வார். அப்பாவின் மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளத் தட்டை விட வேண்டும், விட மாட்டேன் என்கிறார். வாசற்படியில் அம்மா நின்றாள். தலையில் பூ. கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் கும்பிடுகிற மாதிரித்தான் இருந்தது முகம்.

"சந்தோசமா இருக்காராம்" என்றேன். "எம் பொண்ண நல்லபடியா பாத்துக்கங்கன்னு சொல்றாரு."

மாப்பிள்ளையின் அம்மா அழுதுவிட்டார். மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். "எங்க வீட்டு மக மாதிரி பாத்துக்குவோம் சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று சொன்னார்.

அப்பாவுக்கு எல்லாம் புரியும். டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். நான் சொன்னதும் அவருக்குப் புரிந்தது.

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

பாத்திரம் எல்லாம் வாடகைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு கரண்டி குறைகிறதாம்.

ஜூன் 12, வியாழன்

அப்பா பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். அம்மா ஓடுகிறாள். தண்ணீரா, துண்டா, பாத்ரூமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள், அவரும் பொறுமையாகக் காத்திருக்கிறார். என்னைக் கூப்பிடுவதில்லை.

"ஏன்டி வாயே தெறக்க மாட்டேங்குறாரு?"

"நிச்சயத்தன்னிக்கு அசந்துட்டாரும்மா. சரியாயிரும்."

கோபமாக இருக்கிறாரா என்று அவர் முகத்தை உற்று உற்றுப் பார்க்கிறேன். கோபம் மாதிரி இல்லை. கோபமாக இருந்தால் நன்றாக இருக்கும், திட்டினால் எனக்குப் புரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதத்தான் இன்று டைரியை எடுத்தேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான். எதற்குப் பயம் என்று எழுதப் போனால் பக்கம் போதாது.

ஜூன் 15, ஞாயிறு

மதிவாணன் போன் செய்தார். மாங்காய் ஒரு கூடை அனுப்பியிருக்கிறாராம். ஊறுகாய் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரியாது.

ஜூன் 18, புதன்

காலையில் ஜெனிபர் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தாள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். ஒரு கட்டிலில் அவளுடைய பெட்டி இருந்தது. 'நாளைக்கு வேற பொண்ணு வருதாம்டி' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அழுகிற முகம் ஒன்று. நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

மாங்காய் நறுக்கினேன். அரிவாள்மணையில் உட்கார்ந்தால் நடுவீடு முழுக்கத் தெரியும். அப்பா கட்டிலில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கண்டக்டருக்குத் தேதி மறக்காது.

"மணிக்கூண்டு" என்றார்.

மெதுவாக. அதே குரல்.

அம்மா கொல்லையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். "பேசிட்டாரு! ஏ சங்கவி, அப்பா பேசிட்டாரு! என்னடி சொல்றாரு? என்ன சொல்றாரு?"

நான் மாங்காயைப் பார்த்தேன். கையெல்லாம் உப்பும் புளிப்பும், எங்கேயோ வெட்டியிருக்க வேண்டும், எரிந்தது.

"காபி கேக்குறாரும்மா."

"இதோ, இதோ" என்று அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. தட்டைத் தள்ளியது போல இதையும் தள்ளிவிடுவார், அம்மாவுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும் என்று இருந்தது எனக்கு. தள்ள வேண்டும் என்றுகூட இருந்தது. டம்ளர் வந்தது. அம்மா ஊதி ஊதி ஆற்றி அவர் வாயில் வைத்தாள்.

அப்பா இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.